நடு இமயத்தில் நின்றுபோன யாத்திரை

மலையைப் பார்க்காத பிள்ளைகளுக்கு, மலையைப் பார்க்காத நான், மலையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. உத்திரமேரூர் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை நான். வருஷா வருஷம் இமயமலைப் பாடம் வந்ததும் கரும்பலகையில் மூன்று கோடுகள் போடுவேன். கீழே சிவாலிக். மேலே இமாத்ரி, அதாவது பனிமலை. இரண்டுக்கும் நடுவில் இமாச்சல், நடு இமயம். அந்த நடுக்கோட்டை ஒருவரும் மதித்தது கிடையாது. மேல்கோட்டின் சிகரங்களைப் பிள்ளைகள் உயர வரிசைப்படி ஒப்பிப்பார்கள். நடுக்கோட்டைப் பற்றிக் கேட்டால், ‘இங்கு மலை வாசஸ்தலங்கள் உள்ளன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். நானும் அந்த ஒரு வரிக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்லப்படுவதெல்லாம் ஜல்லிக்காக உடைத்து உடைத்துப் பாதியாகிப்போன குன்றுகள்தான். இதற்குமேல் அந்தப் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்ப்பது?

அந்த நடுக்கோட்டில் நானே போய்ச் சிக்கிக்கொண்டது என் நாத்தனார் வீட்டுக்காரரால்.

அவருக்கு மானாம்பதி பக்கம் நிலமும் ஒரு ரைஸ் மில்லும் உண்டு. நெல் அரைப்பதைப் பற்றி அவரிடம் பேசினால் நியாயமாகப் பேசுவார். அதோடு நின்றிருந்தால் நானும் அவரை மதித்திருப்பேன். தொடர்ந்து சபரிமலைக்குப் போய் குருசாமி ஆனார். பிறகு காசி, ராமேஸ்வரம் என்று பஸ் கட்டி ஊர்க்காரர்களை அழைத்துப்போகத் தொடங்கினார். கையில் மைக் வந்த நாளிலிருந்து உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று அவர் ஒரு விளக்கம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதியிருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன். அவரைச் சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் அவர் இமயமலை யாத்திரை அறிவித்தார். என் கணவருக்குத் தன் அக்கா மேல் தனிப் பாசம்.

“அக்காக்கு முட்டி வலி. கூட ஒரு ஆள் இல்லேன்னா பேஜாராப் பூடும். உனக்கு லீவுதான, போய்ட்டு வாயேன்” என்றார்.

“உங்க மாமா வாயத் தொறந்தா என்னால சும்மா இருக்க முடியாது. பரவால்லையா?”

“நீ எப்பத்தான் சும்மா இருந்த?”

போவதற்குச் சம்மதித்தேன். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்குத் துணை என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், அத்தனை வருஷம் கோடாகவே போட்டுக்கொண்டிருந்த அந்தப் பனிமலையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அண்ணிக்கு இருந்தது என்னுடையதைவிடப் பெரிய ஆசை. மில் ஆபீஸ் சுவரில் உரக்கடை காலண்டர் ஒன்று தொங்கும். அதில் வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலை. வருஷம் முடிந்து தேதித் தாளெல்லாம் கிழித்த பிறகும் அந்த அட்டையை மட்டும் அண்ணி கழற்ற விடவில்லை. மாடு, நாற்று, மூட்டை, வேலையாட்களுக்குச் சாப்பாடு என்று அறுபது வயதுவரை ஓடியவர் அவர். புருஷனிடம் தனக்கென்று ஒன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ரயில் ஏறும்போது என் காதில் சொன்னார்: “ஒரே ஒரு வாட்டி அந்த வெள்ள மலையப் பாத்துட்டா போதும்மா. வேற இன்னா கீது எனக்கு.”

டில்லிவரை ரயில். அங்கிருந்து பஸ். எங்களோடு சமையல்காரர் ஒருவர், மில்லிலிருந்து அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் வந்தன. வழியில் எங்கே பஸ் நின்றாலும் எங்கள் கூட்டம் அடுப்பு மூட்டி இட்லி அவித்தது. அந்த ஊர் ரொட்டியை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. “இத்தத் தின்னுட்டு எப்பிடித்தான் உயிரோட கீறாங்களோ” என்று சாலவாக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வருத்தப்பட்டார். அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்த டிரைவர் அவரைவிட ஒரு முழம் உயரமாக எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த டிரைவரிடம் குருசாமி, எங்கள் ஊர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலையில் ஓட்டுப் போட்டதாகக் கல்வெட்டு உள்ள ஊர் என்று தமிழில் விளக்கினார். தானே உளி பிடித்து அந்தக் கல்வெட்டைச் செதுக்கியதுபோல நெஞ்சைத் தட்டிக்கொண்டார். டிரைவர் தலையை ஆட்டிவிட்டு டீசல் போடப் போய்விட்டார்.

ஹரித்வார் பக்கம் சமவெளி முடிந்து முதல் குன்றுகள் எழுந்தன. எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஜன்னல் பக்கம் பாய்ந்தார்கள். குருசாமி மைக்கை எடுத்தார்.

“எல்லாரும் கும்புட்டுக்கோங்க. இதான் இமயமல!”

பின்சீட்டிலிருந்து நான் சொன்னேன். “அண்ணா, இது சிவாலிக். வெளிப்பக்கத்துக் குன்று. பனிமல இன்னும் ரொம்ப தூரம்.”

“சிவாலிக்கா? பேர்லயே சிவன் கீறாரா இல்லியா? அப்ப கைலாசம்தான். டீச்சரே சொல்லிட்டாங்க, கும்புடுங்க!”

கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை.

சிவாலிக்கைத் தாண்டினால் தட்டையான ஒரு பள்ளத்தாக்கு. டூன் என்று நான் பாடத்தில் சொல்லும் இடம். கரும்பும் நெல்லும் போட்டிருந்தார்கள். மலைக்குள் வந்தும் நெல்லா என்று எங்கள் ஆட்களுக்கு ஏமாற்றம். அதைத் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கியது. நடு இமயம் ஆரம்பம்.

எனக்கு மலை என்றால் ஏறுவது, உச்சி, பிறகு இறங்குவது. அந்த மலைகள் அப்படி இல்லை. சுற்றிச் சுற்றி ஏறுவோம். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போது அந்தப் பக்கம் அதே அளவு இறங்கும். அடியில் ஒரு ஆறு. பாலத்தைத் தாண்டினால் மறுபடி ஏற்றம். ஒரு மலைவரிசைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. சரிவுகளைப் படிப்படியாக வெட்டி கோதுமை போட்டிருந்தார்கள். கீழே பைன் மரங்கள், சருகு விழுந்து தரையெல்லாம் துரு நிறம். மேலே போனால் வேறு ஜாதி மரங்கள், இருட்டாக, பாசி பிடித்து. கல் பலகைகளால் கூரை போட்ட வீடுகள். எங்கேயும் பனி இல்லை. பஸ் முழுக்க வாந்தி நாற்றம். பாலிதீன் பைகளைக் கையில் பிடித்தபடி, பக்தியெல்லாம் வயிற்றோடு வெளியேறிப்போன முகங்கள்.

குருசாமி மட்டும் முன்சீட்டில் காவித் துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“சாமி தியானத்துல கீறாரு” என்று பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

மலை முகட்டில் ஒரு ஊரில் எங்களுக்கு லாட்ஜ் பிடித்து வைத்திருந்தார்கள். மறுநாள் அங்கிருந்து மேலே போய், பனிமலை அடிவாரக் கோயிலைப் பார்ப்பதாகத் திட்டம். அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது? சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஓட்டல்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்வெட்டர் கடை, நூடுல்ஸ் கடை, துப்பாக்கியால் பலூன் சுடும் கடை. பனிமலை பார்க்க வேண்டும் என்று நாடு முழுவதிலிருந்தும் கிளம்பி வருகிறவர்கள், இந்த நடுமலையில் நூடுல்ஸ் தின்று, வாடகைக் கோட்டு மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள். என் மாணவர்கள் எழுதும் அந்த ஒரு வரியே இந்த ஊருக்கு அதிகம் என்று தோன்றியது.

நாங்கள் போய் இறங்கிய அன்றே மழை பிடித்தது. மறுநாளும் விடவில்லை. மேலே போகும் சாலையில் மண் சரிந்துவிட்டது, எப்போது திறப்பார்கள் என்று தெரியாது என்றார் லாட்ஜ் மேனேஜர். அரை இங்கிலீஷும் அரை இந்தியும் பேசும் மனிதர். அவர் இன்னொன்றும் சொன்னார். மழை விட்டதும் காலையில் ஜீப் எடுத்துக்கொண்டு முகட்டு வழியாகக் கொஞ்ச தூரம் போனால் ஒரு கிராமம் இருக்கிறது, அங்கிருந்து பனிமலை முழுசாகத் தெரியும் என்று. இதை நான் குருசாமியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“அதெல்லாம் வேணாம். ஜீப்புக்காரன் ஏமாத்துவான்” என்றார்.

“சாலைதான் மூடிட்டாங்களே. அங்கனா போய்ப் பாக்கலாம் அண்ணா. அதுக்குத்தான வந்தோம்?”

“எனுக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

கூட்டம் அறைகளுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கியது. ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று சாலவாக்கத்து விவசாயி வாய்விட்டே கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் மழை சற்று நின்றது. குருசாமி எல்லோரையும் லாட்ஜ் மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். தான் மட்டும் மாடிப்படி வாசலிலேயே நின்றுகொண்டார். எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கரும்பச்சை மலை. அதன் தோளில் வெள்ளையாக ஒரு மேகம் படிந்திருந்தது.

“அதோ பாருங்க” என்று கையை நீட்டினார். “பனி! பாத்துக்கினீங்களா? மேல போனாலும் இதே மலைதான், இதே பனிதான். சாமி நம்மள இங்கியே நிறுத்தி தரிசனம் குடுத்துட்டாரு. கீழ கோயில் ஒண்ணு கீது. அங்க அபிஷேகம் பண்ணிக்கினு கெளம்பினா யாத்திரை முடிஞ்சுது.”

அரோகரா என்று ஒரு சத்தம் எழுந்தது. எல்லோரும் போனை எடுத்து அந்த மேகத்தைப் படம் பிடித்தார்கள். படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பனிமலை மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. அப்படியும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நகரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டத்தோடு இத்தனை தூரம் வந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. படியிறங்கிப் போய் என் அறையில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார்.

“ஏம்மா, உன்னை ஒண்ணு கேக்கறேன். ஒளிக்காம சொல்லு. அது பனிமலதானா?”

“இல்ல அண்ணி. மேகம்.”

“எனுக்கும் அப்பிடித்தான் தோணிச்சு. காலண்டர்ல மூக்கு மாதிரி கூராக் கீதே. இது பஞ்சு மூட்ட மாதிரி கீது.” முட்டியை நீவுவதை நிறுத்தினார். “அப்ப நெஜமான மல எங்கதான் கீது?”

அந்த மேனேஜர் சொன்ன கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். குருசாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

“அவரு வரமாட்டாரு” என்றார் அண்ணி. “அவருக்கு உயரம்னா பயம். மில்லு மொட்ட மாடிக்கே ஏறமாட்டாரு. தண்ணித் தொட்டி கழுவ நான்தான் ஏறணும். கண்ணாலம் கட்டிக்கினு வந்த நாள்லேந்து எனுக்குத் தெரியும். பஸ்ல துண்டப் போட்டு மூஞ்ச மூடிக்கினு வந்தாரே, இன்னான்னு நெனச்ச?”

நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

“பயந்தா பயந்துட்டுப் போட்டும். எனுக்கு எதுக்கு மேகத்தக் காட்டணும்?” என்றார். பிறகு, “உனுக்கு இந்தி வரும்ல? அந்த ஜீப்ப வரச் சொல்லு” என்றார்.

எனக்கு வரும் இந்தியை வைத்துக்கொண்டு ஜீப்பைத்தான் வரச் சொல்ல முடியும், அதற்குமேல் ஒன்றும் முடியாது. அது போதுமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும், மற்றவர்கள் அபிஷேகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருவரும் கிளம்பினோம். மழை வானத்தைக் கழுவி விட்டிருந்தது. ஊர் முடிந்ததும் கடைகள் முடிந்தன. அதன் பிறகுதான் அந்த நடுமலையே கண்ணில் பட்டது. முகட்டு மேல் குறுகலான பாதை. இரண்டு பக்கமும் சரிவு. படிவயல்களில் பெண்கள் கோதுமைத் தாளைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு எருமை நடுவழியில் படுத்துக்கொண்டு ஜீப்புக்கு வழிவிட மறுத்தது. அண்ணி தலையை வெளியே நீட்டி, “ஹை, ஹை” என்று தமிழ் எருமையை ஓட்டுவதுபோல ஓட்டினார். அது எழுந்து போய்விட்டது. கீழே எட்டிப் பார்த்துவிட்டு நான்தான் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணி ஜன்னல் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை.

கிராமத்துக்கு மேலே ஒரு புல்மேட்டில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். முட்டி வலியோடு அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வடக்கே பார்த்தோம். நீல மலை, அதற்குப் பின்னால் வெளிறிய நீல மலை, அதற்கும் பின்னால் மேகம். பனியைக் காணோம்.

“எங்கம்மா?”

எனக்கும் தெரியவில்லை. இந்த மேனேஜரும் குருசாமி மாதிரி ஒரு ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். டிரைவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, முகவாயை நிமிர்த்து என்று சைகை செய்து, மேலே, இன்னும் மேலே என்று காட்டினார்.

தலையை நிமிர்த்தினேன். மேகத்துக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், மலை இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. வெயில் அப்போதுதான் அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு மலை அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று நினைக்காததால் நாங்கள் இருவரும் அதன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அண்ணி கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, “இத்தினி நாளா இது இங்கியேதான் இருந்துச்சா?” என்றார்.

“ஆமாம் அண்ணி.”

“நான் அங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தப்பல்லாம்?”

“ஆமாம்.”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சமவெளியில் நின்றால் இது தெரியாது. சிவாலிக்கிலும் தெரியவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடிவாரத்துக்கே போய் நின்றாலும் பக்கத்து மலை மறைத்துவிடும். இப்படி ஒரு நடுமலையின் முகட்டில், நடு உயரத்தில், தள்ளி நின்றால்தான் முழு வரிசையும் கண்ணில் படுகிறது. இதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அந்தக் காலையில் கொஞ்ச நேரம் எனக்கு யார் மேலும் கோபமோ இளக்காரமோ இல்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

வெயில் ஏறியதும் மேகம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இறங்கும்போது அண்ணி சொன்னார்: “ஒரு துண்டு மேகத்தக் காட்டி கும்புடச் சொன்னாரு பாரு, அந்த ஆளு.” அதுவரை நான் கேட்டதெல்லாம் ‘அவரு’. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ‘அந்த ஆளு’ என்று கேட்டேன்.

லாட்ஜ் வாசலில் குருசாமி நின்றுகொண்டிருந்தார். அபிஷேகம் முடிந்து நெற்றி நிறைய விபூதி.

“எங்க போய்த் தொலஞ்சீங்க? பொம்பளைங்க ரெண்டு பேரும் தனியா, பாஷை தெரியாத ஊர்ல?”

“மல பாக்கப் போனோம்” என்றார் அண்ணி.

“நேத்தே காட்டினேனே?”

“அது நகுந்து போச்சு. நெஜமானது அங்கியே நின்னுக்கினு கீது. போறதுன்னா போய்ட்டு வா.”

அவர் என்னைத்தான் முறைத்தார். அண்ணியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு அவசியமே வந்ததில்லை போலிருக்கிறது. நான் மற்றவர்களிடம் போய், நாளைக் காலையிலும் வானம் தெளிந்திருந்தால் ஜீப் வரும், வருகிறவர்கள் வரலாம் என்று சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. “அதான் பாத்தாச்சே டீச்சர்” என்றார் ஒரு அம்மாள். போனில் அந்த மேகத்தை எனக்கே காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார்கள். அதில்தான் எல்லோருடைய கவனமும்.

ஊர் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே பேனர் கண்ணில் பட்டது. ‘இமயம் கண்ட குருசாமியே வருக.’ நடுவில் காவித் துண்டோடு அவர், ஆளுயரத்துக்கு. பின்னால் பனிமலை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அதன் அடிவாரத்தில் ஏரியும் படகும் மர வீடும் இருந்தன. நம் நாட்டு மலையே கிடையாது. மலைக்குக் கீழே யாத்திரை போனவர்களின் முகங்கள் வட்ட வட்டமாக. அதில் நானும் இருந்தேன். பள்ளி திறந்த அன்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண் ஓடி வந்து, “மிஸ், பேனர்ல நீங்க கீறீங்க!” என்றாள். என்னைப் பற்றி அந்தப் பள்ளியில் இவ்வளவு பெருமையாக யாரும் பேசியதில்லை.

அந்த வாரமே கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடைகளை அடுக்கியிருந்தார்கள். குருசாமி மைக்கைப் பிடித்து, பனிமலை தனக்கு எப்படித் தரிசனம் கொடுத்தது, அந்த நொடியில் கண்ணில் எப்படி நீர் பெருகியது என்று உருகினார். கூட்டமும் உருகியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். கடைசியில், சாமியோடு போய்வந்த அம்மாவும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று யாரோ மைக்கை அண்ணி கையில் திணித்தார்கள்.

அண்ணி மேடையில் பேசியே அறியாதவர். மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அவரு பாக்கல” என்றார்.

மண்டபம் முழுக்க அந்தக் குரல் கேட்டது.

“நானும் எங்க தம்பி பொண்டாட்டியும்தான் பாத்தோம். இவங்கள்லாம் பாத்தது மேகம். அவருக்கு உயரம்னா ஆவாது, துண்ட மூஞ்சில போட்டுக்கினு வந்தாரு. மல ரொம்ப நல்லா கீது. போறவங்க மழ விட்டப்புறம் காலைல ஜீப் எடுத்துக்கினு போங்க. எருமை குறுக்க படுக்கும், பயப்படாதீங்க.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். குருசாமியின் முகத்தில் விபூதி தவிர வேறு நிறம் இல்லை. “அவளுக்கு அந்தக் குளிர்ல ஜொரம், பிதற்றுறா” என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார். நாதஸ்வரக்காரருக்கு யாரோ கையைக் காட்ட, அவர் அவசரமாக வாசிக்கத் தொடங்கினார்.

இத்தோடு அந்த மனிதரின் குருசாமிப் பட்டம் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். என்னுடைய இத்தனை வருஷ அனுபவம் அதற்குள் எனக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். நாதஸ்வரம் முடிவதற்குள் பொன்னாடை போர்த்த ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். வரிசையில் முதல் ஆளாக சாலவாக்கத்து விவசாயி. வெளியே வரும்போது அவரைப் பிடித்துக் கேட்டேன்.

“அது மேகம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் டீச்சர். அது நகுந்துச்சே, நானும் பாத்தேனே.”

“அப்புறம்?”

“இப்ப இன்னா அதுக்கு? போய்ட்டு வந்தோம், நல்லபடியா வூடு வந்து சேந்தோம், மூணு வேளையும் நம்ம ஊர் சாப்பாடு போட்டாரு. மல இன்னா, எங்க போவப் போவுது?”

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குருசாமி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கணவருக்கு வருத்தம். எனக்கு இல்லை. அண்ணி வழக்கம்போல அவருக்குச் சமைத்துப் போட்டார், வேலையாட்களைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் சண்டையும் இல்லை. ஒரே ஒரு மாற்றம், அவர் மைக் பிடித்த மாதிரி பேச ஆரம்பித்தால் அண்ணி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாராம். எட்டிப் பார்த்தால் காலை நீட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாராம். இதைக் குறையாக என் கணவரிடம் போனில் சொன்னவர் குருசாமிதான்.

அடுத்த வருஷம், கோடை விடுமுறைக்குக்கூடக் காத்திராமல், அவர் மறுபடியும் வடக்கே யாத்திரை அறிவித்தார். அறிவித்த வேகத்தில் பஸ் நிறைந்தது. அதே முகங்கள், கூடச் சில புது முகங்கள். புறப்படும் நாளன்று அண்ணி என்னையும் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் போகிறார் என்று நினைத்து, அவருக்குக் கொடுக்க ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தால் அண்ணி கையில் பை இல்லை. புருஷனுக்கு மாத்திரை டப்பாவை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, எது காலையில், எது ராத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். குருசாமி முன்சீட்டில், துண்டு மடியில் தயாராக.

“நீங்க போவலையா அண்ணி?”

“நான் எதுக்கு? நான்தான் பாத்துட்டேனே.”

பஸ் கற்பூரம் காட்டிக் கிளம்பியது. உள்ளேயிருந்து அரோகரா சத்தமும் மைக் சத்தமும் சாலை திரும்பும்வரை கேட்டன. அண்ணி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“வா, அந்த ஓட்டல்ல ஒரு நாஷ்டா சாப்டுட்டுப் போலாம். இன்னும் ரெண்டு வாரத்துக்கு வூட்ல சத்தம் இருக்காது” என்றார்.

பொங்கல் சாப்பிட்டோம். அவரை மானாம்பதி பஸ் ஏற்றிவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.